நாலு மணிப் பவுடர்

இதை நான் கையால் எழுதவில்லை. விரல்கள் இன்னும் பேனாவைப் பிடிக்க ஒப்புக்கொள்ளவில்லை. நான் செல்போனிடம் சொல்கிறேன், அது தனக்குத் தோன்றியதை எழுதுகிறது, என் மனைவி ராஜேஸ்வரி பக்கத்தில் உட்கார்ந்து திருத்துகிறாள். சில இடங்களில் என்னையும் சேர்த்துத் திருத்துகிறாள். இந்த நோய் வந்து படுத்திருக்கும் யாருக்காவது, அல்லது என் மகனைப் போல ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு தூக்கம் வராமல் புரளும் யாருக்காவது, இது உதவக்கூடும் என்பதால் சொல்கிறேன்.

மேலூர்ச் சாலைப் பக்கம் ஒரு காதுகுத்து. கிடாக்கறி விருந்து. மறுநாளிலிருந்து வயிற்றுப்போக்கு. அது தானாக வந்து தானாக நின்றது, நானும் மறந்துவிட்டேன். கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில் செருப்பைப் போட்டேன். போட்டது காலுக்குத் தெரியவில்லை. மாலையில் மாடிப்படியில் முழங்கால் மடங்கியது. விடிந்தபோது கட்டிலிலிருந்து எழ முடியவில்லை.

முதலில் பார்த்த டாக்டர் சர்க்கரை என்றார். அடுத்தவர் இடுப்பு எலும்பு என்றார். மூன்றாமவர் நரம்பு மருத்துவர், சின்ன வயசுக்காரர். ரப்பர் சுத்தியலால் என் முழங்காலில் தட்டினார். கால் துள்ளவில்லை. இன்னொரு முறை தட்டினார். பிறகு சுத்தியலைப் பையில் வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் ராஜியைப் பார்த்து, "அட்மிஷன் போட்டுருங்கம்மா" என்றார். ஒரு அதிகாரி மனுதாரரைப் பார்க்காமல் கூட வந்தவரிடம் பேசினால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

நரம்பில் மின்சாரம் விட்டுப் பார்க்கும் சோதனை செய்தார்கள். பல்லி வால் துடிப்பதுபோல விரல் துடிக்கும், வலிக்கும். அப்புறம் ஒருக்களித்துப் படுக்கவைத்து முதுகுத்தண்டில் ஊசி போட்டுக் கொஞ்சம் நீர் எடுத்தார்கள். நோயின் பெயர் கில்லன் பாரே. மின்கம்பிக்கு மேலே ரப்பர் உறை இருப்பதுபோல நரம்புக்கும் ஓர் உறை உண்டு. வயிற்றுக் கிருமியை அடிக்கக் கிளம்பிய உடம்பின் காவல்படை, கிருமி போன பிறகும் நிற்காமல், ஆள் அடையாளம் தெரியாமல் அந்த உறையை அடிக்கிறது. அரசுத் துறையில் வேலை பார்த்தவனுக்கு இதைப் புரியவைக்க அதிக நேரம் ஆகவில்லை. 

பாதத்தில் தொடங்கி மேலே ஏறும். தொடை, கை, முகம். நெஞ்சுக்கு ஏறினால் மூச்சுவிடும் தசைகளும் ஓய்ந்துவிடும். அப்போது தொண்டைக்குள் குழாய் விட்டு இயந்திரம்தான் மூச்சு விடவைக்கும். பெரும்பாலும் திரும்பி வந்துவிடலாம், மெதுவாக.

"ஏறுமா?" என்று கேட்டேன்.

"பாக்கலாம் சார்" என்றார் டாக்டர்.

மனு கொடுத்தவர்களிடம் நானும் காலமெல்லாம் 'பாக்கலாம்' என்றே சொல்லியிருக்கிறேன். 

என் பயம் இயந்திரத்தைப் பற்றியது மட்டும் இல்லை. எங்களுக்கு ஒரே மகன் சரவணன். முப்பதைத் தாண்டிவிட்டான். பிறக்கும்போது மூச்சுத் திணறி, மூளைக்குக் காற்றுப் போகாமல் நின்ற சில நிமிடங்கள் அவன் வாழ்நாள் முழுவதற்கும் தீர்ப்பு எழுதிவிட்டன. நடப்பான், சிரிப்பான், நமக்குக் கோபம் வந்தால் கண்டுபிடித்துவிடுவான். அம்மா, டீ, பஸ், போ. பேச்சு அவ்வளவுதான். குளிப்பாட்டிவிட வேண்டும், ஊட்டிவிட வேண்டும். பழங்காநத்தத்தில் எங்கள் வீட்டில் அவனைக் குளிப்பாட்டுவது நான், ஊட்டுவது அவள். இந்த ஏற்பாட்டில் ஒரு தூண் சாய்ந்தால் கூரை நிற்காது. நான் ஆஸ்பத்திரியில் கிடந்தால் அவள் என் பக்கத்தில் இருக்க வேண்டும். அப்போது அவன்?

ராஜியின் தம்பி பாண்டி செல்லூரில் விசைத்தறிக்கு உதிரிச் சாமான் விற்கிறவன். "நான் வச்சுக்கிறேன் மச்சான்" என்றான். அவன் வீட்டில் ஏற்கெனவே ஆளுக்கு ஒரு பாய் விரித்தால் கதவு திறக்காது. நல்ல மனசுக்கு நன்றி சொல்லிவிட்டு வேறு வழி பார்த்தோம்.

இந்த விஷயத்தில் மதுரை மாவட்டத்தில் என்னைவிட விவரம் தெரிந்தவர் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள் என்று நான் நினைத்திருந்தேன். மாற்றுத்திறனாளிகளுக்கான இல்லங்களை ஆய்வு செய்யும் குழுவில் ஓய்வு பெறும்வரை இருந்தவன் நான். சாய்தளம் எவ்வளவு சரிவு, கழிவறைத் தாழ்ப்பாள் வெளியிலிருந்தும் திறக்கிறதா, தீயணைப்பு உருளை காலாவதி ஆகிவிட்டதா, மருந்து அலமாரிச் சாவி யாரிடம், எல்லாம் மனப்பாடம். ஒத்தக்கடை தாண்டி, புதிதாக எழும்பிய குடியிருப்பில் ஒரு வீட்டைச் சொன்னார்கள். பெரிய விடுதி இல்லை, சாதாரண வாடகை வீடு. நாலைந்து பேர் சேர்ந்து குடியிருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு அலமாரி உண்டு. உதவிக்குப் பணியாளர்கள் முறைவைத்து இருப்பார்கள். செய்து தருவதைவிடச் செய்யத் துணை நிற்பது எங்கள் வேலை என்று சொன்னார்கள். இந்த மாதிரி வாசகங்களை நான் நிறையப் படித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

படுக்கையிலிருந்தபடியே பாண்டியை அனுப்பி, வீடியோவில் காட்டச் சொல்லி ஆய்வு செய்தேன். சாய்தளம் சரி. தாழ்ப்பாள் சரி. உருளை சரி. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்கு மூடிகூட இருந்தது.

"ஏன் மச்சான், பொண்ணு பாக்கப் போனப்பகூட இம்புட்டு கேள்வி கேக்கலையே நீங்க" என்றான் பாண்டி, தொட்டியிலிருந்து இறங்கிக்கொண்டே.

"அப்பவே கேட்டிருக்கலாம்னு இப்ப தோணுதாம்" என்றாள் ராஜி. நான் மறுக்கும் நிலையில் இல்லை.

அன்றே சரவணனைக் கொண்டுபோய் விட்டார்கள். பொறுப்பாளர் செல்வி என்ற பெண். தினமும் நாலு மணிக்கு வீடியோவில் பேசலாம் என்று ஏற்பாடு.

முதல் நாள் நாலு மணி. ராஜி போனை என் முகத்துக்கு நேரே பிடித்தாள். சரவணன் உட்கார்ந்திருந்தான். தேய்த்த சட்டை. வழித்து வாரிய தலை. முகம் நிறைய பவுடர்.

ராஜிக்குக் கண் கலங்கிவிட்டது. "எம்புட்டு நீட்டா வச்சிருக்காங்க பாருங்க" என்றாள்.

அந்தப் பவுடரை எனக்குத் தெரியும். ஆய்வுக்குப் போகும் நாளை எங்கள் அலுவலகத்தில் 'பவுடர் நாள்' என்போம், பெயர் வைத்தது நான்தான். நாங்கள் வருவது எப்படியோ முந்தின நாளே தெரிந்துவிடும். போய் இறங்கினால் வரிசையாக நாற்காலி போட்டு, கல்யாண வீட்டில் சம்பந்தியை உட்காரவைத்த மாதிரி எல்லோரையும் உட்காரவைத்திருப்பார்கள். ஒரே பவுடர் வாசனை. சில இடங்களில் அந்தப் பவுடருக்குக் கீழே மறைக்க ஒன்றும் இருக்காது. சில இடங்களில் பவுடர் ஒன்றுதான் இருக்கும். எது எந்த வகை என்று ஜீப்பில் திரும்பும்போது நாங்கள் பேசிக்கொள்வதுண்டு. குறிப்பில் எழுதுவதற்கு அதில் ஒன்றும் இருக்காது.

அதோடு சரவணனுக்குப் பவுடர் ஆகாது. தும்முவான். வீட்டில் டப்பாவே கிடையாது. திரையில் அவன் தும்மினான். யாரோ ஒரு கை வந்து மூக்கைத் துடைத்துவிட்டு மறைந்தது.

மறுநாளும் பவுடர். அதற்கு மறுநாளும்.

இதற்குள் எனக்கு டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. பலர் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்புப் புரதம். விலையைக் கேட்டால் நோய் மறந்துவிடும். ஓய்வூதியர் காப்பீட்டு அனுமதிக்கு எந்த வரிசையில் எதை வைத்து அனுப்ப வேண்டும் என்று ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே பில்லிங் பையனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். என் கால் விரலை என்னால் அசைக்க முடியவில்லை, காப்பீட்டுக் கோப்பை அசைக்க முடிந்தது. அன்றைய நாளில் எனக்குக் கிடைத்த ஒரே பெருமை அதுதான்.

காலையில் டாக்டர் வந்து, "ஒரே மூச்சுல எண்ணுங்க சார்" என்பார். மூச்சுத் தசைகள் எந்த மட்டில் இருக்கின்றன என்று அறிய இதைவிட எளிய சோதனை இல்லை. ஒன்று, இரண்டு என்று மூச்சு விடாமல் எண்ண வேண்டும். நேற்றைவிட இன்று முன்னாலேயே நின்றால் நோய் ஏறுகிறது. நான் முந்தின நாளைவிட முன்னால் நின்றேன். மறுநாள் அதற்கும் முன்னால். டாக்டர் குறித்துக்கொண்டார். ராஜி, அவர் போன பிறகு, தானும் முணுமுணுத்து எண்ணிப் பார்த்தாள். அவளுக்கு மூச்சு நிறைய இருந்தது. அதற்காக என்னிடம் மன்னிப்புக் கேட்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அன்று பாண்டியைக் கூப்பிட்டேன். "மாப்ள, சொல்லாம கொள்ளாம அந்த வீட்டுக்குப் போ. நாலு மணிக்கு இல்ல. காலையில போ."

"போயி?"

"பாரு. வேற ஒண்ணும் வேணாம்."

வாழைப்பழச் சீப்பு ஒன்றை வாங்கிக்கொண்டு போனான். மதியத்துக்குள் ஆஸ்பத்திரிக்கு வந்து நின்றான். வழக்கமாக உள்ளே வரும்போதே பேசிக்கொண்டு வருகிறவன், அன்று ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்த பிறகும் பேசவில்லை.

"சொல்லித் தொலைடா" என்றாள் ராஜி.

"பவுடர் எல்லாம் இல்லக்கா. பனியனோட தரையில உக்காந்திருந்தான். பனியன் பூரா சாம்பார். தலையைச் சீவல. கையில கத்தி."

"கத்தியா?"

"வெண்டைக்காய் வெட்டிக்கிட்டிருந்தான். இடது கை விரல்ல கட்டு."

எனக்கு முகத்தின் ஒரு பக்கம் ஏற்கெனவே இழுக்கத் தொடங்கியிருந்தது. உள்ளே என்ன நடந்தது என்று என் முகத்தில் தெரிந்திருக்காது. கூர்மையான பொருட்கள் பூட்டிவைக்கப்பட வேண்டும். நான் எத்தனை இடங்களில் எழுதிய வாசகம். கடைசி இரண்டு நாளும் நாலு மணிக்கு அவன் கையைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது இப்போது நினைவுக்கு வந்தது.

செல்விக்குப் போன் போடச் சொன்னேன். ராஜி என் காதில் வைத்துப் பிடித்தாள்.

"ஆமா சார், வெட்டிக்கிட்டாரு. முந்தாநாளு. சின்னக் காயந்தான், டாக்டர்ட்ட காட்டிட்டோம்."

"கத்தியை யார் கொடுத்தது?"

"அவருதான் கேட்டாரு சார்."

"அவனுக்குப் பேச்சு வராதும்மா."

"கையை நீட்டினாரு சார். மத்தவங்க வெட்டுறதப் பாத்துட்டு. பக்கத்துல ஆள் இருந்துச்சு. மொதல்ல மொண்ணைக் கத்திதான் குடுத்தோம்."

"ஏன் எங்ககிட்ட சொல்லல?"

"நீங்க ஆஸ்பத்திரியில இருக்கீங்க. சொன்னா பயப்படுவீங்கன்னு சொல்லல சார். தப்புத்தான்."

சொல்லாமல் விட்டது ஒரு காயம் என்றால், சொல்லாமல் விட்டது இன்னும் எவ்வளவு இருக்கும்? இது என் தொழில்முறைக் கேள்வி. ஆயுள் முழுக்க இந்தக் கேள்வியோடுதான் படியேறியிருக்கிறேன். பாண்டியிடம், "போய்க் கூட்டிட்டு வந்துரு" என்றேன்.

"எங்க மச்சான் கூட்டிட்டு வர?"

ராஜி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள். "நான் வீட்டுக்குப் போயிரவா? நீங்க இருந்துக்குவீங்களா?" என்றாள். இருந்துக்குவேன் என்று சொல்ல மூச்சை இழுத்தேன். பாதிதான் வந்தது. டாக்டரைக் கூப்பிட்டார்கள். எண்ணச் சொன்னார். ஒரு கை விரலுக்குள் நின்றுவிட்டேன். ஐசியூவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். கூட்டி வருவதா வேண்டாமா என்பது முடிவாகாமல் வாசலிலேயே நின்றுவிட்டது.

ஐசியூவைப் பற்றி நான் சொல்லக்கூடியது இதுதான். அங்கே இரவு பகல் கிடையாது, விளக்கு எப்போதும் எரியும். முகத்தில் காற்றை அழுத்தித் தள்ளும் ஒரு முகமூடி மாட்டினார்கள். தொண்டைக் குழாய் தயாராகத் தலைமாட்டில் இருந்தது, கண்ணுக்குத் தெரியும் தூரத்தில். அறிவு முழுசாக இருந்தது. அதுதான் இந்த நோயின் குரூரம். மூக்கு அரித்தால் சொறிய முடியாது. அரிக்கிறது என்று சொல்லவும் முடியாது. கண்ணை உருட்டுவேன். யாராவது கவனித்தால் உண்டு. புண் வராமலிருக்க அடிக்கடி புரட்டிப் போடுவார்கள். சிலர், "ஐயா, இந்தப் பக்கம் திருப்பப் போறேன்" என்று சொல்லிவிட்டுத் திருப்புவார்கள். சிலர் பக்கத்துக் கட்டில் ஆளோடு பேசிக்கொண்டே திருப்புவார்கள். இருவருமே நன்றாகத்தான் திருப்பினார்கள், ஒரு குறையும் எழுத முடியாது. ஆனால் இரண்டாவது வகைக் கை நெருங்கும்போது நான் பயந்தேன். ஒவ்வொரு முறையும் பயந்தேன். அந்த வீட்டில் சரவணன் மேல் படும் கை எந்த வகை என்று தெரியாமல் நான் செத்துப்போய்விடுவேன் என்று அங்கே கிடந்தபோது உறுதியாக நம்பினேன்.

குழாய் விட வேண்டியிருக்கவில்லை. எண்ணிக்கை ஒரு நாள் அசையாமல் நின்றது. அடுத்த நாள் கொஞ்சம் நீண்டது. முகமூடியைக் கழற்றி வார்டுக்கு அனுப்பினார்கள். குரல் மட்டும் வந்திருந்தது. கழுத்துக்குக் கீழே எல்லாம் இன்னும் அடுத்தவர் பொறுப்பு.

வார்டில் முத்துலட்சுமி என்ற உதவியாளர் பெண், நல்ல மனுஷி, சொல்லிவிட்டுத் திருப்பும் வகை. அன்று மாலை தலைமை மருத்துவர் சுற்றிவரப் போகிறார் என்று பரபரப்பு. விரிப்பு மாற்றினாள், தலை சீவினாள், கைப்பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து என் முகத்தில் தட்டினாள்.

"எதுக்கும்மா இது?"

"பெரியவரு வாராருல்ல ஐயா. பளிச்சுன்னு இருக்க வேணாமா?"

வாசனை மூக்கில் ஏறியது. எத்தனையோ நாற்காலி வரிசைகளுக்கு முன்னால் நின்று முகர்ந்த வாசனை. துடைக்கக் கை எழவில்லை. 

அப்போதுதான் போன் அடித்தது. நாலு மணி. ராஜி எடுத்து நீட்டினாள்.

திரையில் சரவணன். தலை காக்காய்க் கூடு. பனியன். மோவாயில் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. முகத்தில் பவுடர் இல்லை. பின்னாலிருந்து செல்வியின் குரல் பதறியது.

"சார், தப்பா நினைச்சுக்காதீங்க. வேணாம்னுட்டாரு. கையைத் தட்டி விட்டுட்டாரு. ரெண்டு தடவ கேட்டுப் பாத்தேன்."

"யாரு வேணாம்னு சொன்னது?" என்றாள் ராஜி.

"சரவணந்தாம்மா."

"அவனுக்கு அந்த வார்த்தை வராதும்மா."

"இங்க எல்லாரும் நாள் பூரா சொல்றதுதாம்மா அது. சாம்பார் வேணாம், குளிக்க வேணாம், டிவி வேணாம். கேட்டுக் கேட்டு வந்துருச்சு போல. சார் இன்ஸ்பெக்‌ஷன் ஆபீசரா இருந்தவருன்னு பாண்டி அண்ணே மொத நாளே சொன்னாரு. அதான் பயந்துக்கிட்டு தினம் பவுடர் போட்டோம். இன்னைக்கு ஆளு விடல."

ராஜி என்னைப் பார்த்தாள். எங்கள் வீட்டில் அவனிடம் வேணுமா என்று யாரும் கேட்டதில்லை. அவனுக்கு என்ன வேண்டும் என்று எங்களுக்குத் தெரியுமே. கேட்காத கேள்விக்கு அவன் எங்கே போய்ப் பதில் கற்றுக்கொள்வான்?

சரவணன் திரைக்கு மிக அருகில் வந்தான். ஐசியூவுக்குப் போனதிலிருந்து அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. உற்றுப் பார்த்தான். மூக்கைச் சுருக்கினான். பிளாஸ்டர் ஒட்டிய விரலைத் திரையில் வைத்து, என் கன்னத்தைச் சுட்டினான்.

"வேணாம்" என்றான்.

குரல் கட்டையாக, தெளிவாக இருந்தது. ராஜி போனை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் சேலைத் தலைப்பை எடுத்து என் முகத்தைத் துடைத்தாள். காதோரம் வரை துடைத்தாள். முத்துலட்சுமிக்கு வருத்தம். தலைமை மருத்துவர் வந்து போனார். என் முகத்தை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

கூட்டிக்கொண்டு வா என்று பாண்டியிடம் பிறகு நான் சொல்லவில்லை. செல்வியிடம் இரண்டு விஷயம் கேட்டுக்கொண்டேன். நாலு மணி என்று நேரம் வைக்க வேண்டாம், நாங்கள் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுவோம். காயம் பட்டால் அன்றைக்கே சொல்ல வேண்டும். சரி சார் என்றாள். சொல்கிறாளா? இதுவரை சொல்கிறாள். போன வாரம் மேலூர் பஸ்ஸைப் பார்க்கிறேன் என்று கேட்டைத் திறந்துகொண்டு தெருமுனைவரை போய்விட்டானாம். அதையும் சொன்னாள். அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. சொல்லாமல் இருந்திருக்கலாமே என்றுகூடத் தோன்றியது. பவுடரைக் கேட்பவர்கள் திரைக்கு இந்தப் பக்கம்தான் இருக்கிறார்கள் என்று அப்போது எனக்குத் தெரிந்தது.

இப்போது வீட்டில் இருக்கிறேன். வாக்கரைப் பிடித்துக் கூடம்வரை போவேன். பிசியோதெரபிக்கு ஒரு பையன் வருகிறான், மாமா மாமா என்று கூப்பிட்டுக்கொண்டே கொல்கிறான். விரல்கள் கடைசியில்தான் வருமாம். பயம் போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. நோய் திரும்ப வருமோ என்ற பயம் கொஞ்சம். எங்களுக்கு அப்புறம் அந்த வீட்டில் வேறொரு செல்வி வந்தால் என்ன ஆகும் என்ற பயம் மீதி முழுக்க. அதற்கு எந்தச் சாய்தளத்தையும் அளந்து பதில் கண்டுபிடிக்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் சரவணன் வருகிறான். போன ஞாயிறு ராஜி அவனுக்குப் பிடித்த வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு வைத்திருந்தாள். பழக்கத்தில் சோற்றைப் பிசைந்து, உருட்டி, அவன் வாயருகே கொண்டுபோனாள். அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்து மெதுவாகத் தள்ளினான்.

"வேணாம்."

தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். பாதி வாய்க்கும் பாதி பனியனுக்குமாகச் சாப்பிட ஆரம்பித்தான். ராஜியின் கையில் அந்த உருண்டை அப்படியே இருந்தது. அதை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் அவனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"வேணுமா?" என்று கேட்டாள்.

நான் வாயைத் திறந்தேன்.